12 முதல் 24 வோல்ட் வரை: அட்ஜஸ்டபிள் ஃப்ளைபேக் சப்ளைக்கு ஃபீட்பேக்கும் காம்பன்சேஷனும் அமைக்கும் முழு வழிகாட்டி

சோமனூர், பல்லடம் பக்கத் தறிக்கூடமோ திருப்பூர் நிட்டிங் யூனிட்டோ, பேனல் பெட்டியைத் திறந்தால் 24 வோல்ட் சப்ளை ஒன்று இருக்கும். சென்சாருக்கு 24, பழைய ரிலே போர்டுக்கு 12, எங்கிருந்தோ வாங்கி மாட்டிய கன்ட்ரோலருக்கு 18 என்று தேவை மாறிக்கொண்டே இருக்கும். தேவைக்குத் திருப்பி வைத்துக்கொள்ளும் ஒரே சப்ளை இருந்தால் ஸ்பேர் வைப்பது எளிது. ஆனால் 24 வோல்ட்டுக்கு வரைந்த சர்க்யூட்டில் ஒரு பாட்டை (திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர், பொட்டென்ஷியோமீட்டர்) செருகிவிட்டால் மட்டும் அது அட்ஜஸ்டபிள் சப்ளை ஆகிவிடாது. "ஏனுங்க, 24-ல நல்லாத்தான் ஓடுது, 12-க்குத் திருப்புனா கத்துதுங்க" என்று கொண்டுவந்து வைக்கிறார்களே, அந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஃபீட்பேக் லூப்தான், அதாவது அவுட்புட்டைப் பார்த்து ஸ்விட்சிங்கைக் கூட்டிக் குறைக்கும் பாதை. அது ஊசலாடாமல் இருக்க ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மதிப்புகளை அமைப்பதே காம்பன்சேஷன்.

இதற்கு நான் சொல்ல விரும்பும் வழி இதுதான்: கணக்கைக் குறைந்த வோல்ட்டேஜிலிருந்து தொடங்குங்கள், பாட்டை டிவைடரின் (அவுட்புட் வோல்ட்டேஜைப் பிரித்துக் காட்டும் இரண்டு ரெசிஸ்டர்) கீழ்ப்பக்கத்தில் வையுங்கள். ஏன் என்பதை ஒரே உதாரணத்தை வைத்துக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் சப்ளை

ஃப்ளைபேக் வகை, அதாவது மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது டிரான்ஸ்ஃபார்மர் கோரில் சக்தியை ஏற்றி, ஆஃப் ஆகும்போது அவுட்புட்டுக்கு இறக்குவது. அவுட்புட் 12 முதல் 24 வோல்ட், அதிகபட்சம் 2 ஆம்பியர், அதாவது 48 வாட். இன்புட் 230 வோல்ட் ஏசி, 170 வரை இறங்கினாலும் ஓட வேண்டும். ரெக்டிஃபை செய்த பிறகு டிசி பஸ் 200 முதல் 375 வோல்ட் வரை என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்சிங்கை நடத்தும் கன்ட்ரோலர் ஐசி யூசி3844, அவுட்புட்டை ஒப்பிடும் ரெஃபரன்ஸ் டிஎல்431, அந்தத் தகவலை ஒளி வழியாகப் பிரைமரிக்குக் கடத்தும் ஆப்டோ (எல்இடியும் டிரான்சிஸ்டரும் சேர்ந்தது) பிசி817 பி கிரேடு. எல்லாமே கோவையில் எளிதாகக் கிடைப்பவை.

யூசி3842-ஐ விட்டு 3844-ஐ எடுப்பதற்குக் காரணம் உண்டு. 3844-இல் டியூட்டி (ஒரு சைக்கிளில் மாஸ்ஃபெட் ஆனாக இருக்கும் பங்கு) 50 சதவீதத்தைத் தாண்டாது. ஓவர்லோடில் கன்டினியூவஸ் மோடுக்கு (கோர் முழுதும் காலியாகும் முன்பே அடுத்த சைக்கிள் தொடங்கும் நிலை) போனாலும் ஸ்லோப் காம்பன்சேஷன் (கரண்ட் சிக்னலோடு ஒரு சாய்வைச் சேர்ப்பது) இல்லாமல் சமாளித்துவிடும். ஆனால் அதன் ஆஸிலேட்டர் அவுட்புட்டைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் என்பதை மறக்கக்கூடாது. 13 கிலோ ஓமும் 1 நானோ ஃபாரடும் போட்டால் ஆஸிலேட்டர் சுமார் 130 கிலோ ஹெர்ட்ஸில் ஓடும், மாஸ்ஃபெட் 65 கிலோ ஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகும்.

டிரான்ஸ்ஃபார்மரைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். எஃபிஷியன்சி 85 சதவீதம், 200 வோல்ட்டில் டியூட்டி 0.45 என்று எடுத்தால் பிரைமரி பீக் கரண்ட் 1.25 ஆம்பியர், பிரைமரி இண்டக்டன்ஸ் 1.1 மில்லி ஹென்ரி. ஈடிடி29 கோரில் பிரைமரி 80 சுற்று, செகண்டரி 10 சுற்று. ஏர் கேப் சுமார் 0.55 மில்லி மீட்டர். எல்சிஆர் மீட்டரில் 1.1 மில்லி ஹென்ரி வரும்வரை சரிசெய்துகொள்ளுங்கள். கரண்ட் சென்ஸ் ரெசிஸ்டர் 0.62 ஓம்.

8-க்கு 1 என்ற விகிதம் 12 வோல்ட்டைப் பார்த்து முடிவானது. ஒவ்வொரு சைக்கிளிலும் கோரில் ஏறிய சக்தி முழுவதும் அடுத்த சைக்கிளுக்குள் இறங்கிவிட வேண்டும், அதாவது டிஸ்கன்டினியூவஸ் மோடிலேயே ஓட வேண்டும் என்பது நம் நோக்கம். 24 வோல்ட், 2 ஆம்பியரில் இறங்கும் நேரம் 7 மைக்ரோ செகண்ட். அதே 2 ஆம்பியரை 12 வோல்ட்டில் எடுத்தால் பவர் பாதிதான், ஆனால் இறக்குவதற்கான வோல்ட்டேஜும் பாதியாகிவிடுகிறது, நேரம் 9.6 மைக்ரோ செகண்டாக நீளும். ஆன் நேரம் 4.9-ஐயும் சேர்த்தால் 14.5. முழு சைக்கிளே 15.4 மைக்ரோ செகண்ட்தான். 24 வோல்ட்டை மட்டும் பார்த்து விகிதத்தை 7 என்று வைத்திருந்தால் 12 வோல்ட்டில் கன்டினியூவஸ் மோடுக்குள் நுழைந்து, நாம் கீழே போடப்போகும் லூப் கணக்கே மாறிப்போயிருக்கும்.

இந்த விகிதத்துக்கு ஒரு விலை உண்டு. 24 வோல்ட்டில் பிரைமரிக்குத் திரும்பி வரும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட 198. அதோடு பஸ் 375, லீக்கேஜ் ஸ்பைக் (மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும்போது டிரான்ஸ்ஃபார்மரில் எழும் கூர்மையான வோல்ட்டேஜ்) எல்லாம் சேரும். ஆகவே 800 வோல்ட் மாஸ்ஃபெட்டும் அந்த ஸ்பைக்கை வெட்டும் ஒழுங்கான கிளாம்ப்பும் அவசியம்.

துணை வைண்டிங்: ரேஞ்சைத் தீர்மானிப்பது இதுதான்

கன்ட்ரோலருக்குச் சப்ளை கொடுக்கும் ஆக்ஸிலரி வைண்டிங் அவுட்புட்டோடு சேர்ந்தே ஏறி இறங்கும். யூசி3844 தொடங்க 16 வோல்ட் வேண்டும், 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் நின்றுவிடும், 30 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது. 11 சுற்று போட்டால் அவுட்புட் 12-இல் இருக்கும்போது சுமார் 13.3 வோல்ட் கிடைக்கும், 24-இல் 26.5. இரண்டுக்கு ஒன்று என்ற ரேஞ்ச் இதற்குள் சரியாக அடங்குகிறது. லீக்கேஜ் ஸ்பைக்கினால் ஆக்ஸிலரி கூடுதலாக ஏறாமல் இருக்க டயோடுக்கு முன் சில ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். 5 முதல் 24 வரை வேண்டும் என்பவர்கள் சுற்று எண்ணிக்கையை மாற்றிப் பயனில்லை. ஆக்ஸிலரியில் சுற்றைக் கூட்டி நடுவில் ஒரு லீனியர் ரெகுலேட்டர் வைக்க வேண்டும், அல்லது கன்ட்ரோலருக்குத் தனி சப்ளை கொடுக்க வேண்டும்.

பாட்டைக் கீழே வைப்பது ஏன்

டிஎல்431 தன் ரெஃபரன்ஸ் காலை 2.495 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். அவுட்புட்டிலிருந்து அந்தக் காலுக்கு வருவது மேல் ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்குப் போவது கீழ் ரெசிஸ்டர். காலின் வோல்ட்டேஜ் அசையாதபோது கீழ் ரெசிஸ்டரில் ஓடும் கரண்டும் அசையாது. ஆகவே அவுட்புட்டில் வரும் சிறு ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தவரை கீழ் ரெசிஸ்டர் கணக்கிலேயே வராது. காம்பன்சேஷனை நிர்ணயிப்பது மேல் ரெசிஸ்டரும் கத்தோடிலிருந்து ரெஃபரன்ஸுக்குப் போகும் கெப்பாசிட்டரும்தான். மேல் ரெசிஸ்டரை நிலையாக வைத்து, கீழே பாட்டைத் திருப்பினால் அவுட்புட் மாறும், காம்பன்சேஷன் ஸீரோ (கெயின் இறங்குவது தளர்ந்து, ஃபேஸ் திரும்ப ஏறும் அலைவரிசை) மாறாது. பாட்டை மேலே வைத்தால் ஒவ்வொரு திருப்பலுக்கும் ஸீரோவும் சேர்ந்து நகரும்.

இதைவிட முக்கியமான காரணம் பாதுகாப்பு. பாட்டின் வைப்பர் (டிராக்கின் மேல் நகரும் தொடர்பு) தேய்வது சாதாரணம். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் இன்னும் சீக்கிரம் தேயும். மேலே இருக்கும் பாட்டில் தொடர்பு விட்டால் ரெஃபரன்ஸ் காலுக்கு வோல்ட்டேஜ் வராது. அவுட்புட் குறைந்துவிட்டதாக லூப் நினைத்து முழு வேகத்தில் ஏற்றும், அவுட்புட்டில் மாட்டியிருப்பது எரியும். கீழே இருக்கும் பாட்டில் தொடர்பு விட்டால் அவுட்புட் இறங்கும். மெஷின் நிற்கும், ஆனால் எதுவும் எரியாது.

மதிப்புகள்: மேல் ரெசிஸ்டர் 22 கிலோ ஓம். கீழே 2.55 கிலோ ஓம் ஒரு சதவீத ரெசிஸ்டர், அதற்குத் தொடராக 5 கிலோ ஓம் பாட், பாட்டுக்குப் பேரலலாக 10 கிலோ ஓம். பாட் பூஜ்ஜியத்தில் இருந்தால் 24.0 வோல்ட், முழுதும் திருப்பினால் 11.8 வோல்ட். வைப்பரை ஒரு முனையோடு சேர்த்தே சால்டர் செய்யுங்கள். அப்போது வைப்பர் மட்டும் விட்டால் அவுட்புட் 11.8-இல் நிற்கும். டிராக்கே உடைந்து 10 கிலோ ஓம் மட்டும் மிஞ்சினால் லூப் 6.9 வோல்ட்டை நோக்கி இறக்கும். அதற்குள் ஆக்ஸிலரி 10-க்குக் கீழே போய் கன்ட்ரோலர் நின்றுவிடும். அந்த 10 கிலோ ஓமைச் சிக்கனம் என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் 5 கிலோ ஓம் பாட் மட்டும் இருந்தால் கடைசித் திருப்பில் அவுட்புட் 9.8 வரை இறங்கும், ஆக்ஸிலரி 11 வோல்ட்டைக்கூட எட்டாது.

ஒரு குறை உண்டு. பாட்டைத் திருப்பும் அளவும் வோல்ட்டேஜும் நேர்கோட்டில் போகாது. பாதி திருப்பத்தில் 14.6 வோல்ட்தான் வரும், மீதி ஒன்பது சொச்சம் வோல்ட்டும் மறுபாதியில் நெருக்கியடிக்கும். மல்டி டர்ன் டிரிம்பாட் போட்டால் இது தொந்தரவு தராது.

ஆப்டோவின் எல்இடி ரெசிஸ்டர்

அட்ஜஸ்டபிள் சப்ளைகளில் தவறு அதிகம் நடக்கும் இடம் இது. முதலில் பிரைமரி பக்கம். யூசி3844-இன் 2-ஆம் காலைக் கிரவுண்ட் செய்யுங்கள். ஆப்டோவின் கலெக்டர் 1-ஆம் காலுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு. 8-ஆம் காலின் 5 வோல்ட்டிலிருந்து 1-ஆம் காலுக்கு 4.7 கிலோ ஓம். ஐசிக்குள்ளிருந்தும் சுமார் 1 மில்லி ஆம்பியர் வரும். பல்ஸை முழுவதும் நிறுத்த 1-ஆம் காலை 1.2 வோல்ட்டுக்கு இழுக்க வேண்டும் என்றால், ஆப்டோ கிட்டத்தட்ட 2 மில்லி ஆம்பியர் இழுக்க வேண்டும்.

பிசி817 பி கிரேடின் சிடிஆர் (எல்இடி கரண்டில் எத்தனை சதவீதம் கலெக்டர் கரண்டாகக் கிடைக்கிறது என்ற அளவு) 130 முதல் 260 சதவீதம் என்று தரவுத்தாள் சொல்லும். அது 5 மில்லி ஆம்பியரில், 25 டிகிரியில், புதிய ஆப்டோவுக்கு. ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். மூடிய பேனலுக்குள் அதைவிட அதிகம். சூடு ஏற ஏற சிடிஆர் இறங்கும், எல்இடி வயதாக ஆக இன்னும் இறங்கும், குறைந்த கரண்டிலும் இறங்கும். ஆகவே நான் 60 சதவீதம் என்றுதான் எடுக்கிறேன். எல்இடிக்கு 3.3 மில்லி ஆம்பியர் தேவை. டிஎல்431 ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 1 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும் என்பதால் எல்இடிக்குப் பேரலலாக 1 கிலோ ஓம் போடுகிறோம், அதில் 1.1 மில்லி ஆம்பியர் போகும். மொத்தம் 4.4.

இப்போது எந்த அவுட்புட்டை வைத்துக் கணக்கிடுவது? 12-ஐ வைத்துத்தான். 12-இலிருந்து எல்இடியின் 1.1 வோல்ட்டையும் டிஎல்431-க்கு வேண்டிய 2.5 வோல்ட்டையும் கழித்தால் 8.4. அதை 4.4 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1.9 கிலோ ஓம். இது உச்ச வரம்பு, 1.5 கிலோ ஓம் போடுவோம். 24 வோல்ட்டை வைத்துக் கணக்கிட்டு 3.9 கிலோ ஓம் போட்டவர்களுக்கு என்ன ஆகும்? 24-இல் எல்லாம் சரியாக இருக்கும். 12-இல் எல்இடிக்கு 1 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும், ஆப்டோ 0.6 மட்டுமே இழுக்கும். லோடு எடுத்துவிட்டால் பல்ஸை நிறுத்த முடியாமல் அவுட்புட் தானாக மேலே ஏறும். பாட்டைத் திருப்பியும் இறங்காத சப்ளை என்றால் முதலில் இந்த ரெசிஸ்டரைப் பாருங்கள்.

லூப் கணக்கு

டிஸ்கன்டினியூவஸ் மோடில் கரண்ட் மோடு ஃப்ளைபேக் எளிமையானது. அவுட்புட் கெப்பாசிட்டரும் லோடும் சேர்ந்து ஒரே ஒரு 'போல்' (pole, கெயின் இறங்கத் தொடங்கும் அலைவரிசை) தரும்; கெப்பாசிட்டரின் ஈஎஸ்ஆர் (அதற்குள்ளேயே இருக்கும் சிறு ரெசிஸ்டன்ஸ்) ஒரு ஸீரோ தரும். கன்டினியூவஸ் மோடில் தொல்லை தரும் வலப்பக்க ஸீரோ (கெயினைக் கூட்டி, ஃபேஸைக் குறைப்பது) இங்கே நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.

அவுட்புட்டில் 1000 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 30 மில்லி ஓம் ஈஎஸ்ஆர். ஈஎஸ்ஆர் ஸீரோ 5.3 கிலோ ஹெர்ட்ஸில் விழுகிறது. லோடு போல் 24 வோல்ட், 2 ஆம்பியரில் 13 ஹெர்ட்ஸ். 12 வோல்ட், 2 ஆம்பியரில் 26 ஹெர்ட்ஸ். இது இவ்வளவு கீழே இருப்பதால் கிராஸ்ஓவர் (லூப்பின் மொத்த கெயின் 1 ஆகும் அலைவரிசை) பக்கத்தில் பவர் ஸ்டேஜின் கெயினை ஒரே வரியில் சொல்லிவிடலாம்:

கெயின் = (2 × லோடு கரண்ட்) ÷ (3 × சென்ஸ் வோல்ட்டேஜ்) × கெப்பாசிட்டரின் இம்பீடன்ஸ்

3 என்பது யூசி3844-க்குள்ளேயே இருக்கும் வகுத்தல். சென்ஸ் வோல்ட்டேஜ் 0.62 ஓமில் விழும் பீக். 2000 மைக்ரோ ஃபாரடின் இம்பீடன்ஸ் 1 கிலோ ஹெர்ட்ஸில் 0.08 ஓம். 24 வோல்ட்டில் சென்ஸ் 0.78, கெயின் 0.136. 12 வோல்ட்டில் பீக் கரண்ட் 0.89 ஆம்பியராகக் குறைவதால் சென்ஸ் 0.55, கெயின் 0.193. கரண்ட் அதேதான், வோல்ட்டேஜ் பாதியானது, கெயின் 3 டெசிபல் கூடிவிட்டது. 12-க்குத் திருப்பினால் கத்துவதன் வேர் இங்கே இருக்கிறது: லூப்பின் வேகம் உச்சத்தில் இருப்பது குறைந்த வோல்ட்டேஜில், முழு கரண்டில்.

ஃபீட்பேக் பக்கத்தில் ஒரு நுணுக்கம். எல்இடி ரெசிஸ்டரும் அவுட்புட்டிலிருந்தே சப்ளை எடுப்பதால், டிஎல்431 வழியாகப் போகாமலேயே அவுட்புட்டின் அசைவு நேராக எல்இடிக்குப் போகிறது. இரண்டு பாதையையும் சேர்த்தால் நடு அலைவரிசையில் கெயின், சிடிஆர் × 4.7 ÷ 1.5, அதாவது 3.13 × சிடிஆர். பவர் ஸ்டேஜோடு பெருக்கினால் கிராஸ்ஓவர் 24 வோல்ட்டில் சிடிஆர் × 426 ஹெர்ட்ஸ், 12 வோல்ட்டில் சிடிஆர் × 604 ஹெர்ட்ஸ். சிடிஆர் 0.6 முதல் 2.6 வரை போகலாம் என்றால் கிராஸ்ஓவர் 256 ஹெர்ட்ஸிலிருந்து 1570 ஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த முழு நீளத்துக்கும் ஃபேஸ் மார்ஜின் (லூப் ஊசலாடத் தொடங்க இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்ற அளவு) இருக்கும்படி ஸீரோவையும் போலையும் வைக்க வேண்டும்.

ஸீரோவைக் குறைந்தபட்ச கிராஸ்ஓவருக்கு நன்றாகக் கீழே வையுங்கள். 22 கிலோ ஓமுக்கு 100 நானோ ஃபாரட் என்றால் 72 ஹெர்ட்ஸ். பிலிம் கெப்பாசிட்டராகப் போடுங்கள். மலிவான செராமிக் வேண்டாம், டிசி ஏறும்போது அதன் மதிப்பு குறையும். மேல் போலை ஈஎஸ்ஆர் ஸீரோவின் மேலேயே வையுங்கள், அதாவது 5 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம். 4.7 கிலோ ஓமோடு இதற்கு மொத்தம் 6.8 நானோ ஃபாரட் வேண்டும். ஆப்டோவே தன் பங்குக்குச் சில நானோ ஃபாரடுக்குச் சமமான மந்தத்தைக் கொண்டுவரும் என்பதால், 1-ஆம் காலில் 2.2 நானோ ஃபாரடில் தொடங்கி அளந்து பார்த்து மாற்றுங்கள்.

இந்த மதிப்புகளோடு முழு லோடில் ஃபேஸ் மார்ஜின் கணக்குப்படி 75 டிகிரிக்கு மேல் வருகிறது. 24 வோல்ட், 0.2 ஆம்பியர், சிடிஆரும் குறைவு என்ற நிலையில் கிராஸ்ஓவர் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கும். அங்கும் 50 டிகிரி அளவில் மிஞ்சும். கத்தாது.

ஈஎஸ்ஆர் விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் காய்ந்து ஈஎஸ்ஆர் ஐந்து மடங்கானால் ஸீரோ 1 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கெயின் கீழே இறங்காமல் சமதளமாக ஓடி, கிராஸ்ஓவர் பல கிலோ ஹெர்ட்ஸ் தாண்டி ஓடிவிடும். இதுவும் முதலில் 12 வோல்ட்டில்தான் வெளியே தெரியும். 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகையே வாங்குங்கள்.

அவுட்புட்டில் ரிப்பிளைக் குறைக்க இன்னொரு சிறு காயிலும் கெப்பாசிட்டரும் வைப்பதாக இருந்தால், எல்இடி ரெசிஸ்டரைக் காயிலுக்கு முன்னாலும், 22 கிலோ ஓமைக் காயிலுக்குப் பின்னாலும் எடுங்கள். எல்இடியையும் பின்னால் எடுத்தால் அந்த ஃபில்டரின் ரெசனன்ஸ் லூப்புக்குள் நேராக நுழையும்.

திருப்பினால் மட்டும் வரும் தொல்லைகள்

லோடு இல்லாதபோது 24-இலிருந்து 12-க்குச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். ஃப்ளைபேக்கால் அவுட்புட் கெப்பாசிட்டரிலிருந்து சார்ஜைத் திரும்ப இழுக்க முடியாது. தானாக வடியும்வரை ஸ்விட்சிங் நின்றிருக்கும். அவுட்புட்டில் எப்போதும் மாட்டியிருக்கும் 1.5 கிலோ ஓம் டம்மி லோடும் எல்இடி கரண்டும் சேர்ந்து வடிக்க ஒரு செகண்ட் அளவு ஆகும். ஆக்ஸிலரியில் 47 மைக்ரோ ஃபாரட் இருந்தால் அது 50 மில்லி செகண்டில் 10 வோல்ட்டுக்கு வந்துவிடும். கன்ட்ரோலர் நின்று, திரும்பத் தொடங்கி, மறுபடி நிற்கும். இதைப் பழுது என்று நினைத்து ஐசியை மாற்ற வேண்டாம். மெதுவாகத் திருப்பினால் வராது. வரவே கூடாது என்றால் கன்ட்ரோலருக்குத் தனி சப்ளைதான் வழி.

அடுத்தது ஓவர்லோடு. 0.62 ஓமில் 1 வோல்ட் என்ற வரம்பு உண்மையில் பவரைத்தான் கட்டுப்படுத்துகிறது. 24-இல் அது 3.3 ஆம்பியரில் பிடிக்கும். 12-இல் 6 ஆம்பியர் வரை விட்டுவிடும், டயோடும் கெப்பாசிட்டரும் வேகும். செகண்டரியில் 0.05 ஓம் ஷன்ட் (கரண்டை அளக்கும் ரெசிஸ்டர்) வைத்து, எல்எம்358 ஆப்-ஆம்ப் ஒன்றின் வழியாக அதே ஆப்டோவை இழுக்கும் கரண்ட் லிமிட் கட்டாயம் சேருங்கள்.

ஆப்டோவே போய்விட்டால் லூப் அறுந்து அவுட்புட் ஏறும். 27 வோல்ட் ஜீனரும் இரண்டாவது ஆப்டோவும் வைத்து 1-ஆம் காலை இழுக்கலாம். ஆனால் 12-இல் மாட்டியிருக்கும் ரிலே போர்டை அது காப்பாற்றாது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

போர்டும் சோதனையும்

பாட்டை மனிதர் தொடுவார். ஆகவே அது செகண்டரி பக்கத்தில் மட்டுமே இருக்க வேண்டும். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே 8 மில்லி மீட்டர் விடுங்கள், ஆப்டோவின் அடியில் போர்டை வெட்டி ஸ்லாட் போடுங்கள். சாதாரண பிசி817-இன் கால் இடைவெளி 7.62 மில்லி மீட்டர். பேட் போனபின் மிஞ்சுவது அதிலும் குறைவு. கால் அகன்ற வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். தறிக்கூடத்தில் பஞ்சு படிந்து மழைக்காலத்தில் ஈரம் ஏறும்போது இந்த இடைவெளிதான் உயிரைக் காக்கும்.

முதல் பவரை 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுக் கொடுங்கள். பிரைமரியில் ஸ்கோப் வைப்பதாக இருந்தால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கிரவுண்ட் கிளிப்பை மாட்டவே கூடாது. அப்புறம் 12 வோல்ட்டில் தொடங்குங்கள். 1 ஆம்பியர் லோடை ஒரு மாஸ்ஃபெட் வழியாக மாறி மாறி இணைத்துத் துண்டித்து அவுட்புட்டைப் பாருங்கள். சிடிஆர் 1 என்றால் 24 வோல்ட்டில் 0.2 வோல்ட் அளவு சரிந்து, ஆடாமல் திரும்ப வேண்டும். 12-இல் சரிவு இன்னும் குறைவாக இருக்கும். இரண்டு மூன்று முறை ஊசலாடினால் 1-ஆம் காலின் கெப்பாசிட்டரையும் ஈஎஸ்ஆரையும் பாருங்கள்.

லூப்பை அனலைசரில் அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிக்னலைச் செலுத்தும் 47 ஓம் ரெசிஸ்டர், 22 கிலோ ஓமுக்கும் எல்இடி ரெசிஸ்டருக்கும் பொதுவான வயரில் இருக்க வேண்டும். 22 கிலோ ஓமில் மட்டும் வைத்தால் ஒரு பாதைதான் அளவில் வரும், திரையில் தெரியும் ஃபேஸ் மார்ஜின் உண்மையானது அல்ல. காயில் ஃபில்டர் போட்டவர்கள் அளக்கும் நேரத்துக்கு மட்டும் அந்தக் காயிலை ஷார்ட் செய்து, இரண்டு பாதையையும் ஒரே முனைக்குக் கொண்டுவாருங்கள்.

12, 18, 24 மூன்றிலும், ஒவ்வொன்றிலும் 0.2 ஆம்பியர், 2 ஆம்பியர் இரண்டிலும், பிறகு அதையே ஹேர் டிரையர் காற்றில் ஆப்டோவைச் சூடாக்கியும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கடைசியாக, போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பாட்டின் வைப்பர் வயரைக் கழற்றி, மீட்டர் 11.8-க்கு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் போடுங்கள்.